விசா தேவையில்லை

மார்ச் 3

அண்ணா,

இதை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அம்மா வாங்கி அண்ணியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். போனில் கேட்கலாம் என்றால் நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். அம்மா போனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது மாதிரி பக்கத்தில் இருப்பாள். அதனால்தான் பத்து வருஷத்துக்குப் பிறகு பேனாவைத் தேடி எடுத்தேன்.

போன வாரம் இங்கே குடிவரவு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். துறைமுகத்துக்கு எதிரே, மாடியில் இருக்கிறது. ஜூலையில் இரண்டாவது பிறக்கப்போகிறது. மூத்தவன் பிறந்தபோது அம்மாவுக்கு விசா மறுத்த மாதிரி இந்தத் தடவையும் செய்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே பேசிவிட நினைத்தேன். இவரும் கூட வந்தார். நீ அப்போது அனுப்பிய செய்தியை அச்சடித்து எடுத்துப் போனேன். 'அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள், மன்னித்துக்கொள்' என்ற அந்த இரண்டு வரியைத்தான்.

கவுண்டரில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிய ஒரு வயதான அம்மா. நான் நன்றாகவே கத்தினேன். பெற்ற தாயை மகளின் பிரசவத்துக்கு விடாதது என்ன சட்டம், இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ரத்தப் பரிசோதனை செய்கிறவளுக்கு இதுதான் மரியாதையா என்றெல்லாம். வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அதிகாரி பொறுமையாக நம் அம்மாவின் பாஸ்போர்ட் எண்ணை மூன்று தடவை கேட்டுத் தட்டினாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:

"உங்க நாட்டுக்காரங்க இங்க வர்றதுக்கு விசாவே வேண்டாம்மா. பன்னிரண்டு வருஷமா வேண்டாம். இல்லாத விசாவை நாங்க எப்படி மறுப்போம்?"

இவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். படியில் இறங்கும்போது உன் செய்தியை அச்சடித்த தாளை நான்காக மடித்து என் பையில் வைத்தார். அதுதான் அதிகம் சுட்டது.

என்ன நடந்தது என்று எழுது.

தங்கை


மார்ச் 17

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பைக் கவனித்துக்கொள். இந்த நேரத்தில் படியேறி இறங்குவது, கத்துவது எல்லாம் தேவையில்லாத வேலை.

நீ ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பயணத்துக்கான நுழைவு விதிகள் என்பது போய்ச் சேருகிற நாட்டோடு முடிவதில்லை. உங்கள் தீவுக்கு இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. வழியில் இரண்டு இடங்களில் மாற வேண்டும். மாறுகிற நாட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட் வேண்டும், தங்குமிட முகவரி வேண்டும், போகிற வழியைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ்கூடக் கேட்பார்கள். பதினோரு வருஷமாக இந்த டிராவல்ஸில் விசா கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

அப்போது மறுக்கப்பட்டது அந்த டிரான்சிட் விசாதான். உனக்கு விவரமாக எழுத நேரமில்லாமல் 'விசா' என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். கவுண்டரில் இருக்கும் அந்த அதிகாரிக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

மாப்பிள்ளையிடம் இதை எடுத்துச் சொல். வீட்டில் அனைவரும் நலம். எங்கள் சின்னவள் இப்போது நன்றாகப் பேசுகிறாள்.

அண்ணன்


ஏப்ரல் 1

அண்ணா,

உன் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை. காட்ட வெட்கமாக இருந்தது.

டிரான்சிட் விசா மறுத்தால் கையில் ஒரு மறுப்புக் கடிதம் கொடுப்பார்கள். 'அதைத் தொலைச்சிடாதீங்க, அடுத்த தடவை கேட்பாங்க' என்று நீ வாடிக்கையாளர்களிடம் சொல்வதை நான் கல்லூரி படிக்கும்போது உன் ஆபீஸில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். அந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பு.

இன்னொன்று. இங்கே வர இரண்டு வழி இருக்கிறது. ஒன்றில்தான் டிரான்சிட் விசா. இன்னொன்றில் விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் ஐந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். என்னோடு வேலை செய்கிறவளின் மாமியார் அப்படித்தான் வந்தார். அவருக்கு எழுபத்தொன்று. நாற்காலியில் உட்கார அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது, என்னை உறுத்திக்கொண்டிருப்பது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஜூலைக்கு வாம்மா என்றேன். "இந்தத் தடவை நான் விண்ணப்பமே போடலைம்மா. நீ யாரையாவது ஆள் வச்சுக்கோ" என்றாள். ஏன் என்றால் பேச்சை மாற்றி, அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டாள். நம் அம்மா அப்படிச் சொல்கிறவளா? நீ அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

கடிதம் இருந்தால் அனுப்பு. இல்லையென்றால் விதிகளை எனக்குப் பாடம் எடுக்காதே.

தங்கை


ஏப்ரல் 16

தங்கைக்கு,

மறுப்புக் கடிதம் இல்லை. நான் எந்த விண்ணப்பமும் போடவே இல்லை.

இதற்கு முன் நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். ஒவ்வொன்றிலும் முதல் வரி முடிந்ததும் 'ஆனால்' என்று எழுதத் தொடங்கியிருந்தேன். இதில் எழுதாமல் இருக்கப் பார்க்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவின் ஃபைலை முழுசாகத் தயார் செய்தேன். நீ அனுப்பிய அழைப்புக் கடிதம், உன் வேலைச் சான்று, வீட்டு முகவரி, உன் கல்யாணப் போட்டோகூட வைத்திருந்தேன். அந்த நாற்காலி வழியில்தான் டிக்கெட்டும் பார்த்து வைத்திருந்தேன். பணம் கட்டினால் முடிந்தது. உங்கள் தீவில் தொண்ணூறு நாள் இருக்கலாம். அந்தத் தொண்ணூறு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணி அப்போதுதான் மருந்தகத்தில் ஷிப்ட் வேலைக்குத் திரும்பியிருந்தாள். சின்னவளுக்கு ஒன்றரை வயது. காலையில் அவளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்து, வீட்டைப் பெருக்கி, நான் வரும்போது டீ போட்டு வைப்பது அம்மா. மூன்று மாதம் அதெல்லாம் என் தலையில் விழும் என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எழுதியிருப்பேன். தேடிப் பார்த்தேன், இல்லை.

ஃபைலை மேசையின் கீழ் டிராயரில் வைத்துப் பூட்டினேன். அன்று மாலை வீட்டுக்குப் போய் விசா கிடைக்கவில்லை என்றேன். அம்மா பையில் உன் பிள்ளைக்குத் தைத்த சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "என்னைப் பார்க்காமலேயே எப்படி வேண்டாம்னு சொன்னாங்க?" என்று கேட்டாள். நான் அதற்குத் தயாராக இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் ஒரு மாதிரி கையெழுத்து இருக்கிறதாம், அதனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

அம்மாவுக்குத் தன் பெயரைத் தவிர வேறு எழுத வராது என்று உனக்குத் தெரியும். அந்தப் பெயரைத்தான் தையல் கம்பெனியில் பதினெட்டு வருஷம் வருகைப் பதிவேட்டில் போட்டாள். அதை நான் குற்றமாக்கினேன்.

அடுத்த வாரத்திலிருந்து அம்மா, சின்னவள் கிறுக்குவதற்காக நான் ஆபீஸிலிருந்து கொண்டுவரும் ஒருபக்கம் அச்சான தாள்களை எடுத்து, பின்பக்கத்தில் கையெழுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்தாள். மதியம் சின்னவள் தூங்கும் நேரத்தில். இப்போதும் செய்கிறாள். ஒரே மாதிரி வருகிறதா என்று என்னிடம் காட்டுவாள். நான் பார்த்து, "பரவாயில்லைம்மா, நல்லா வருது" என்று சொல்வேன். இரண்டு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணிக்கு இது எதுவும் தெரியாது.

அண்ணன்


ஏப்ரல் 29

அண்ணா,

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு மாதிரிக் குப்பிகளில் பெயர் ஒட்டும் வேலைக்குத் திரும்பினேன். இரண்டை மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, கூட இருந்தவள் பார்த்துவிட்டாள்.

உன்னைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. ஏனென்றால் எழுதிக்கொண்டிருக்கும்போதே நான் செய்தது ஞாபகம் வந்துவிட்டது. அதை அம்மா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். யாரிடமும் சொல்லியிருக்கமாட்டாள்.

மூத்தவன் பிறந்து ஒன்பதாவது நாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல். இவருக்கு லீவு முடிந்துவிட்டது. குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. அப்போது அம்மா போன் செய்தாள். நான் சொன்னேன்: "மத்தவங்க அம்மாவெல்லாம் வந்து நிக்கிறாங்க. உனக்கு ஒரு கையெழுத்து ஒழுங்கா போடத் தெரியலை." நீ சொன்ன அந்தக் கையெழுத்துக் காரணத்தை அம்மா அழாத குறையாக என்னிடம் ஏற்கனவே சொல்லியிருந்தாள்; உன் கடிதம் வரும்வரை அது எனக்கு மறந்தே போயிருந்தது. அதையே எடுத்து அவள்மேல் எறிந்தேன். அவள் 'ஆமாம்மா' என்றாள். நான் மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதுவும் நடக்காத மாதிரி இரண்டு பேரும் பேசினோம்.

அதனால் உன்மேல் மட்டும் காறித் துப்ப எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஆரம்பித்தவன் நீ.

அம்மாவிடம் சொல். நான் போனில் சொல்லிவிடலாம். சொன்னால் அது உன்னைப் பற்றி நான் கோள் சொன்ன மாதிரி முடிந்துவிடும், அம்மா உன் பக்கம் பேச ஆரம்பித்துவிடுவாள். அவளைத் தெரியாதா. நீயே சொல்ல வேண்டும். முதலில் அண்ணியிடம், பிறகு அம்மாவிடம்.

ஜூலை ஒன்பது என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார்.

தங்கை


மே 15

தங்கைக்கு,

சொல்லிவிட்டேன். ஆனால் நேராகச் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு குறுக்குவழி பார்த்தேன். சட்டம் மாறிவிட்டது, இனி விசாவே வேண்டாமாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அப்படிச் சொன்னால் அவளும் கிளம்பிவிடுவாள், நானும் தப்பித்துக்கொள்வேன் என்று கணக்குப் போட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "அங்க போய் இறங்கினப்புறம் கையெழுத்துப் போடச் சொன்னா? அத்தனை பேர் நடுவுல திருப்பி அனுப்பினா? ஒரு தடவை போதும்பா. என்னால உன் தங்கச்சிக்கும் தலைகுனிவு" என்றாள். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. உண்மையைச் சொல்லாமல் அவளை விமானத்தில் ஏற்ற முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உன் அண்ணியிடம் சனிக்கிழமை காலை சொன்னேன். அவள் வேலைக்குக் கிளம்ப, தலை பின்னிக்கொண்டிருந்தாள். உனக்காகத்தான், குழந்தைக்காகத்தான் என்று ஆரம்பித்தேன். அவள் பின்னலை நிறுத்திவிட்டு, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் லீவு போட்டிருப்பேனே. மூணு மாசம்தானே" என்றாள். இத்தனை நாள் நான் அவள் பெயரைச் சொல்லித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

அன்று மதியம், சின்னவள் தூங்கியபின் அம்மா தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். டிராயரில் வைத்திருந்த ஃபைலைக் கொண்டுவந்திருந்தேன். அதை அவள் முன்னால் வைத்து, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. அவள் ஃபைலைத் திறந்து உன் கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தாள். இது தொலைந்துபோய்விட்டது என்று அவள் வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள்.

"அப்ப என் கையெழுத்துல ஒண்ணும் தப்பில்லையா?"

இல்லைம்மா என்றேன்.

"யாரும் அதைப் பார்க்கவே இல்லையா?"

யாரும் பார்க்கலைம்மா என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன், காலைப் பிடித்திருப்பேன். கையில் இருந்த பேனாவுக்கு மூடியைத் தேடிப் போட்டாள். "நான் இவ்வளவு நாளும் உன் தங்கச்சிகிட்ட குத்தவாளி மாதிரியே பேசிக்கிட்டிருந்தேன்" என்று மெதுவாகச் சொன்னாள். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை. பிறகு எழுந்துபோய் மாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்தாள். என் சட்டைகளையும் எப்போதும் போல மடித்து வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணன்


ஜூன் 4

தங்கைக்கு,

நீ பதில் எழுதுவதற்குள் இன்னொரு கடிதம். நடந்ததை நீ அம்மா வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அம்மா வருகிறாள். ஜூன் பதினாறு கிளம்பி, மறுநாள் மதியம் அங்கே இறங்குவாள். ஆனால் டிக்கெட்டை நான் போடவில்லை. போடலாமா என்று கேட்டதற்கு, "நீ போடாதே. உன் ஆபீஸ்லயும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். குரலை உயர்த்தவில்லை. கடையில் ஒரு காய் வேண்டாம் என்று ஒதுக்குவது மாதிரி சொன்னாள்.

எங்கள் ஆபீஸுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு டிராவல்ஸ் வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு என் கவுண்டரிலிருந்து பார்க்கிறேன், அம்மாவும் உன் அண்ணியும் சாலையைக் கடந்து அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறார்கள். என் முன்னால் ஒரு தம்பதி உட்கார்ந்து தேனிலவுக்கு எந்த நாடு சுலபம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

பத்து நிமிஷத்தில் எதிர்க் கடையில் இருப்பவரே எனக்குப் போன் செய்தார். தொழிலில் தெரிந்தவர், நல்ல மனுஷன். "சார், உங்க அம்மா இங்க வந்திருக்காங்க. ஏதாவது தப்பா வந்துட்டாங்களா? அந்தப் பக்கம் அனுப்பி வைக்கட்டுமா?" என்று கேட்டார். தப்பாக வரவில்லை, நல்லபடியாகச் செய்து கொடுங்கள் என்றேன். என் பக்கத்து மேசைக்காரர் கேட்டுவிட்டார். மதியத்துக்குள் மேனேஜர் வரைக்கும் போய்விட்டது. வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மேனேஜர் விசாரித்தார். பிரச்சினை நான்தான் சார் என்று சொல்ல வாய் வரவில்லை.

எதிர்க் கடைக்காரர் எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார். உன் அண்ணி காட்டினாள், வாங்கிப் பார்த்தேன். அந்த வழியில் மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையில்லை. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அதை உன் அண்ணி செய்வாள். இதில் எனக்கு எந்த வேலையும் இல்லை.

உன் அண்ணி மூன்று மாதத்துக்குப் பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கிவிட்டாள். சின்னவளைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம்; காலை வேலை என்னுடையது. நேற்று ஒத்திகை மாதிரி சின்னவளை நான் குளிப்பாட்டினேன். கண்ணில் சோப்புப் போய் ஊரைக் கூட்டினாள். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். உதவிக்கு வரவில்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 10

அண்ணா,

பெண் குழந்தை பிறந்ததை அண்ணி உனக்குச் சொல்லியிருப்பார். ஜூலை பதினொன்று. டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தள்ளி. அம்மா பிரசவ அறைக்கு வெளியே இருந்தாள். இரண்டாம் நாள் அவள் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போது, மூத்தவன் பிறந்த ஒன்பதாவது நாள் நான் போனில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அது உன் காய்ச்சல் பேசினது" என்று சொல்லிவிட்டுத் துணியை மடித்தாள். அப்படிச் சுலபமாக என்னை விட்டுவிட்டது எனக்கு என்னவோ போலிருந்தது.

அவள் வந்து இறங்கியதை நீ கேட்டிருக்கமாட்டாய். சொல்கிறேன். கவுண்டரில் அம்மா ஃபைலைத் திறந்து எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிவிட்டாளாம். அழைப்புக் கடிதம், வேலைச் சான்று, போட்டோ எல்லாம். அந்த ஆள் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து, திரும்பும் டிக்கெட்டைப் பார்த்து, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுச் சிரித்தானாம். பின்னால் நின்றவர்தான் தாள்களை எல்லாம் பொறுக்கித் தந்திருக்கிறார். வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு நிமிஷம்கூட ஆகலைடி. இதுக்கா ரெண்டு வருஷம்?"

உன்னைப் பற்றி அவளாக ஒன்றும் பேசுவதில்லை. நான் ஆரம்பித்தாலும் தொடர்வதில்லை. மூத்தவன் அவளைவிட்டு நகருவதில்லை. சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு துறைமுகம் வரைக்கும் நடக்கிறாள். பாஷை தெரியாமலேயே பக்கத்து வீட்டு அம்மாவோடு சிநேகம்.

இப்போது விஷயம். செப்டம்பர் நடுவில் தொண்ணூறு நாள் முடிகிறது. நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு தொண்ணூறு நாள் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். அதே மூக்குக்கண்ணாடி அம்மாவிடம்தான் போனேன், இந்தத் தடவை தலையைக் குனிந்துகொண்டு. அவள் என்னை மறக்கவில்லை. ஆனாலும் நல்லவள். என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அதில் ஒன்று, சொந்த நாட்டில் அம்மா யாரோடு வசிக்கிறாளோ அவர் தரும் கடிதம். அவள் நீட்டித்துத் தங்க அவருக்குச் சம்மதம், உடனே திரும்ப வேண்டிய அவசியம் வீட்டில் எதுவும் இல்லை என்று இருக்க வேண்டும்.

அண்ணியை எழுதச் சொல்லலாமா என்று கேட்டேன். அம்மா, "இல்லை, அவனை எழுதச் சொல்லு" என்றாள்.

தங்கை


ஆகஸ்ட் 27

தங்கைக்கு,

நீ கேட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்காக இந்த மாதிரி நூறு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பத்து நிமிஷ வேலை. இது மூன்று நாள் ஆயிற்று. 'வீட்டில் உடனடி அவசியம் எதுவும் இல்லை' என்ற வரியில்தான் நின்றுவிட்டேன். சின்னவளுக்குப் போன வாரம் இருமல். உன் அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் நான்கு நாள் ஆபீஸுக்குப் போகவில்லை, மேனேஜர் முகம் சுளித்தார். பாட்டி எப்போது வருவாள் என்று இந்தப் பிள்ளை காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கேட்கிறாள். எல்லாம் சேர்ந்து, பழைய புத்தி மறுபடியும் உள்ளே அசைந்தது. அதை உன்னிடம் மறைக்கவில்லை. கடிதம் இரண்டு நாள் அதே டிராயரில் இருந்தது. மூன்றாம் நாள் எடுத்து முடித்தேன்.

நேற்று காலை அம்மாவே போன் செய்தாள். நீ நம்பரைப் போட்டுக் கொடுத்திருப்பாய். போன பிறகு அவள் என்னோடு பேசுவது இதுதான் முதல் தடவை. நான் ஸ்பீக்கரில் போடவில்லை.

"லெட்டர் எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன், நாளை அனுப்புகிறேன் என்றேன்.

"அதுல சம்மதம்னு எழுதியிருப்பே. அது அவங்களுக்கு. எனக்கு உன் வாயால சொல்லு."

சின்னவள் ஒரு காலில் செருப்பும் கையில் இன்னொரு செருப்புமாக என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சம்மதம்மா. இருந்துட்டு வா. எவ்வளவு நாள் வேணுமோ அவ்வளவு நாள் இரு. நான் பார்த்துக்கறேன்."

அந்தப் பக்கம் உன் குழந்தை சிணுங்கியது, அம்மா தட்டிக்கொடுப்பது கேட்டது. பிறகு, "சரி. புள்ளைக்கு ஆறின தண்ணி குடுக்காதே, வெதுவெதுன்னு குடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

செருப்பை மாட்டிவிட்டு, சின்னவளைப் பள்ளியில் விட்டு, ஆபீஸில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. அம்மா என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து, எங்கிருந்து பேசினாலும் அதைக் கேட்காமல் அவள் போனை வைத்ததே இல்லை. மறந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். அம்மா அதை மறக்கிறவள் இல்லை.

கடிதத்தில் ஏதாவது திருத்த வேண்டுமென்றால் உடனே சொல். வேறு மாதிரி எழுதித் தருகிறேன்.

அண்ணன்